லட்லமுக்குப் பிறகு வந்த போர்ன்: உங்களுக்கு எங்கே மனசு விட்டுப்போனது?

பழைய பேப்பர்பேக்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் கதையின் முடிச்சுகள் எல்லாம் அவிழும். நினைவிழந்த உளவாளி ஜேசன் போர்னை வைத்து ராபர்ட் லட்லம் எழுதிய மூன்று நாவல்களையோ, அவருக்குப் பிறகு எரிக் வான் லஸ்ட்பேடர் எழுதியவற்றையோ இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே விலகிக்கொள்ளுங்கள்.

லட்லம் 1980இல் 'தி போர்ன் ஐடென்டிட்டி', 1986இல் 'சுப்ரமசி', 1990இல் 'அல்டிமேட்டம்' எழுதினார். 2001இல் காலமானார். 2004இல் லஸ்ட்பேடரின் 'தி போர்ன் லெகசி' வந்தது. மூன்று பழைய நாவல்களையும் மறுபடி படித்த கையோடு இந்த நான்காவதை எடுத்தேன். கதை சூடு பிடிப்பதற்குள் அலெக்ஸ் காங்க்லினும் மோ பானோவும் செத்துக் கிடக்கிறார்கள். கொலைப்பழி போர்ன் மேல். அவன் ஓட ஆரம்பிக்கிறான்.

அங்கேயே எனக்கு விட்டுப்போயிற்று. காங்க்லின் யார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாவலில் பாரிசுக்கு வெளியே ஒரு கல்லறைத் தோட்டத்தில் போர்னைக் கொல்லக் காத்திருந்தவன் அவன். பழைய நண்பன் துரோகியாகிவிட்டான் என்று நம்பி வந்தவன். ஒரு பாதத்தை இழந்தவன், குடிகாரன். அதே ஆள் மூன்றாவது நாவலில் குடியை விட்டுவிட்டு, போர்னின் குடும்பத்தைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைக்கிறான். இந்த இடத்துக்கு அவனைக் கொண்டுவர லட்லமுக்குப் பத்து வருடமும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களும் ஆயின. பானோவ் மனநல மருத்துவர். போர்ன் என்ற வேடத்துக்குள்ளிருந்து டேவிட் வெப் என்ற மனிதனை வெளியே எடுத்தவர். இப்படிப்பட்ட இரண்டு பேரும் புது எழுத்தாளருக்கு, கதையைக் கிளப்பிவிட இரண்டு பிணங்கள். அவ்வளவுதான்.

புத்தகம் மோசமா என்று கேட்டால், இல்லை. வேறு பெயரில் வந்திருந்தால் ஒரு ரயில் பயணத்துக்கு நன்றாகவே ஓடியிருக்கும். எனக்கு ஏமாற்றம் வேறு இடத்தில். மற்றவர்களுக்கு எப்படி இருந்தது?

ராத்திரி வாசகி:

நீங்கள் நான்கோடு நின்றிருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர். ஐந்தாவது, 'தி போர்ன் பிட்ரேயல்', 2007. அதைத் திறந்தால் போர்னின் மனைவி மேரி ஏற்கெனவே இறந்துவிட்டாள். நிமோனியா. நம் கண் முன்னால்கூட இல்லை, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே எங்கேயோ.

நான் இந்த வரிசையைப் படித்ததே மேரிக்காகத்தான். கனடா அரசின் பொருளாதார நிபுணர். சூரிச்சில் ஒரு மாநாட்டுக்கு வந்த இடத்தில் யாரென்றே தெரியாத ஒருவன் பணயக்கைதியாக இழுத்துக்கொண்டு போகிறான். முதலில் தப்பிக்கப் பார்க்கிறாள், பிறகு அவனை நம்புகிறாள். (அந்த நம்பிக்கை வந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் இடறல் உண்டு, அது தனிக் கதை.) ஆனால் நம்பிய பிறகு அவள் வெறும் துணையாக நிற்கவில்லை. பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படி நகரும், எந்த வங்கி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எந்தக் கேள்விக்குச் சொல்லாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவனுக்குத் துப்பாக்கி தெரியும், இவளுக்குக் கணக்கு தெரியும். இரண்டும் சேர்ந்துதான் கதை நகர்ந்தது. 'நீ கொலைகாரன் இல்லை' என்று அவன் தன்னைப் பற்றி நம்பாததை அவள் நம்பினாள். முதல் நாவலின் உயிரே அதில்தான்.

'சுப்ரமசி'யில் அவளைக் கடத்திக்கொண்டு போய் அவனை ஹாங்காங்குக்கு இழுக்கிறார்கள். அங்கேயும் அவள் யாரோ வந்து மீட்கட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, தானே தப்பிக்கிறாள். அப்படிப்பட்டவளை ஒரு காய்ச்சலில் முடித்துவிட்டார்கள். குண்டு பட்டுச் செத்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அட்டை மட்டும்:

சினிமாவில் அதைத்தானே செய்தார்கள்? 2004இல் வந்த இரண்டாவது படத்தில் கோவாவில் வைத்து மேரியைச் சுட்டுவிடுகிறார்கள். புத்தகக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்து செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். படம் பார்த்துவிட்டு புத்தகக் கடைக்கு வருகிறவனுக்குத் தனியாளாக அலையும் போர்ன்தானே வேண்டும்.

ராத்திரி வாசகி:

படத்தில் அவள் சாகும்போது எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு படம் முழுக்க அந்தச் சாவு அவன் முகத்தில் இருக்கிறது. கடைசியில் அவன் பழிவாங்காமல் போய் மன்னிப்புக் கேட்கிறான். சாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. புத்தகத்தில் அது தடையை அகற்றுவதற்காக மட்டும்.

சங்கேதம்:

இங்கே எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகிறேன்.

லஸ்ட்பேடர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 'அல்டிமேட்டம்' முடியும்போது என்ன மிச்சம்? பரம எதிரி கார்லோஸ் ஒழிந்தான். போர்னுக்கு வயது ஐம்பது, மூச்சு வாங்குகிறது, அதை அவனே பல இடத்தில் சொல்லி அலுத்துக்கொள்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள், நண்பர்கள், வீடு. லட்லம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது உரிமையாளர்கள் உங்களிடம் வந்து நான்காவது எழுதுங்கள் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவீர்கள்? ஏதாவது ஒன்றை உடைத்தால்தான் கதை. எதையும் உடைக்காமல் எழுதினால் 'சப்பென்று இருக்கிறது' என்று இதே இழையில் வேறு தலைப்பில் திட்டுவீர்கள்.

இரண்டாவது, லஸ்ட்பேடர் யாரோ கூலிக்கு எழுத வந்தவர் இல்லை. 'ஐடென்டிட்டி' வந்த அதே 1980இல் 'தி நிஞ்ஜா' எழுதிப் பெயர் வாங்கியவர். 2004 தொடங்கி 2017 வரை பதினொரு போர்ன் நாவல்கள் எழுதினார். படிக்கிறவர்கள் இல்லாமல் பதினொன்று வராது.

மூன்றாவது, 'லெகசி'யின் மையத்தில் இருக்கும் யோசனை நல்ல யோசனை. ப்னாம் பென்னில் வெப்பின் முதல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் விமானத் தாக்குதலில் இறந்தார்கள் என்பது லட்லம் வைத்த காயம். அதில் மகன் ஜோஷுவா சாகவில்லை, வளர்ந்து கான் என்ற பெயரில் கூலிக் கொலையாளியாகி அப்பாவைக் கொல்ல வருகிறான் என்றால்? முதல் நாவலிலிருந்தே எடுத்து, அதிலிருந்தே ஒரு எதிரியைச் செய்திருக்கிறார். இதைவிட மரியாதையாக ஒருவர் எப்படித் தொடர முடியும்?

பழைய பேப்பர்பேக்:

கான் விஷயத்தில்தான் எனக்குப் பெரிய சண்டையே, சங்கேதம். அந்தக் குடும்பம் செத்ததால்தான் வெப் மெடூசா என்ற கொலைப்படையில் சேர்ந்தான். அங்கேதான் போர்ன் என்ற பெயரே வந்தது. மூன்று நாவல்களும் அந்த ஒரு நதிக்கரைச் சாவின் மேல்தான் நிற்கின்றன. 'இல்லை, ஒருவன் பிழைத்தான்' என்று இருபத்து நான்கு வருடம் கழித்து வேறொருவர் சொன்னால், அடித்தளக் கல்லைத் தொடுகிறார் என்று அர்த்தம்.

சங்கேதம்:

தொடவில்லையே. அவன் செத்துவிட்டான் என்று வெப் நம்பினான், அந்த நம்பிக்கையில் மெடூசாவில் சேர்ந்தான். நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் அவன் செய்தது மாறாது. சொல்லப்போனால் கூடுதல் வலி. மகன் உயிரோடு காட்டில் அலைந்துகொண்டிருந்தபோது தகப்பன் அவனுக்காகப் பழிவாங்கிக்கொண்டிருந்தான், தேடவில்லை. லட்லமுக்கே இது தோன்றியிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பழைய பேப்பர்பேக்:

இந்தப் பதிலை யோசிக்க வேண்டும். சரி, கானை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். காங்க்லினை விட மாட்டேன்.

கடைசிப் பக்கம்:

நடை பற்றி யாருமே பேசவில்லையே?

லட்லமைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம் நண்பர்களே. அவருடைய பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசவே பேசாது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு ஆச்சரியக்குறி, பாதி வாக்கியங்கள் சாய்வெழுத்தில். காபி வேண்டுமா என்று கேட்பதைக்கூட சதித்திட்டம் அம்பலமானது போல எழுதுவார். எழுத வருவதற்கு முன்னால் மேடை நடிகராகவும் நாடகத் தயாரிப்பாளராகவும் இருந்தவர், முதல் நாவல் 1971இல்தான் வந்தது. அந்த மேடைத்தனம் கடைசி வரை போகவில்லை. அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கத்துவார்கள்.

வாக்கியம் வாக்கியமாக எடுத்து வைத்தால் லஸ்ட்பேடர்தான் நன்றாக எழுதுகிறார். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு விளக்கை அணைக்க விடாதவர் லட்லம்தான். ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதல் நாவலில் மத்தியதரைக் கடலிலிருந்து ஒருவனை வெளியே இழுக்கிறார்கள். உடம்பெல்லாம் குண்டுக் காயம், இடுப்பில் தோலுக்கடியில் ஒரு சிறு ஃபிலிம், அதில் சூரிச் வங்கிக் கணக்கு எண். அவனுக்குத் தன் பெயர் தெரியாது. நமக்கும் தெரியாது. அவன் ஒரு மொழியில் சரளமாகப் பேசும்போது அவனுக்கு எவ்வளவு திகைப்போ நமக்கும் அவ்வளவு. துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் கை அவனுடையதுதானா என்று அவனோடு சேர்ந்து நாமும் பயப்படுகிறோம். 'நான் யார்' என்பதில் அவனைவிட ஒரு அடிகூட நாம் முன்னால் இல்லை.

லஸ்ட்பேடர் நாவல்களில் இது தலைகீழ். வில்லன் தரப்பில் ஒரு அத்தியாயம், உளவு அமைப்புக்குள் நடக்கும் பதவிச் சண்டையில் ஒரு அத்தியாயம், உளவாளி சொராயா மூர் போகும் வழியில் ஒரு அத்தியாயம், அப்புறம் போர்ன். நமக்கு எல்லாம் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. அந்த முறையில் தப்பில்லை, வேறு எத்தனையோ த்ரில்லர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அதில் போர்ன் ஒரு பாத்திரம்தான், மற்ற எட்டுப் பேரைப் போல. ஏழாவது புத்தகத்துக்கு வரும்போது அவன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதினால்கூட கதை ஓடும் என்று தோன்றியது.

நிழல்நடை:

வயதுக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990இல் ஐம்பது என்றால் 2007இல் அறுபத்தேழு. ஆனால் அந்தப் புத்தகத்தில் எத்தியோப்பிய மலையில் குதித்துச் சண்டை போடுகிறான். வியட்நாம் போர்க்காலத்து ஆள் என்பதைப் பேசாமல் மறைத்துவிட்டார்கள்.

அட்டை மட்டும்:

அதைவிட மாயம் அட்டையில் இருக்கிறது. லட்லம் பெயர் ஒரு முழ உயரம். எழுதியவர் பெயரைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். செத்து பல வருடம் ஆனவர் இன்னும் வருடத்துக்கு ஒன்று எழுதுகிறார் போலிருக்கிறது என்று என் சித்தப்பா நம்பிக்கொண்டிருந்தார், நான்தான் சொல்லி அவர் மனசை உடைத்தேன்.

நிழல்நடை:

சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் வியாபாரம் இருக்கிறது. லட்லம் உயிரோடு இருந்தபோதே 2000இல் 'கோவர்ட் ஒன்' வரிசை தொடங்கிவிட்டது, அதில் கூட எழுதியவர் கேய்ல் லிண்ட்ஸ். லட்லம் பெயர் அப்போதே ஒரு முத்திரை ஆகிவிட்டது. டாம் கிளான்சி கதையும் இதேதான். 2013 அக்டோபரில் அவர் இறப்பதற்கு முன்பே மார்க் கிரீனி கூட எழுத வந்துவிட்டார். ஜாக் ரயன் வரிசை அதற்குப் பிறகு கை மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே வாசகர்கள் இவ்வளவு கோபப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் தேடி வருவது நீர்மூழ்கியும் செயற்கைக்கோளும். அதை நன்றாகத் தெரிந்த யாரும் எழுதலாம்.

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் வின்ஸ் ஃப்ளின். மிட்ச் ரேப் நாவல்கள். 2013 ஜூனில் புற்றுநோயில் போய்விட்டார், அடுத்த நாவலில் சில பக்கங்கள்தான் எழுதியிருந்தார். கைல் மில்ஸ் அதை எடுத்து 2015இல் 'தி சர்வைவர்' என்று முடித்தார். நான் குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்து படித்தேன். ஃப்ளின்னின் பக்கம் எங்கே முடிந்தது, இவருடையது எங்கே தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2023 வரை ஒன்பது எழுதிவிட்டு விலகினார். பெரிய கலகம் எதுவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மில்ஸ் அதற்கு முன்னால் எங்கே பழகினார் தெரியுமா? லட்லம் பெயரில் வந்த அதே 'கோவர்ட் ஒன்' வரிசையில்.

ராத்திரி வாசகி:

ரேப் வரிசையில் அன்னா சாகிறாளே, 'கன்சென்ட் டு கில்'லில். அதற்கு வாசகர்கள் என்ன சொன்னார்கள்?

நிழல்நடை:

அதைத்தான் சொல்ல வந்தேன். 2005. ரேப்பின் மனைவியைக் கொன்றது ஃப்ளின்னேதான். அழுதோம், திட்டினோம், ஆனால் 'உனக்கு என்ன உரிமை' என்று யாரும் கேட்கவில்லை. அவர் பெற்ற பாத்திரம். மில்ஸ் வந்து அதைச் செய்திருந்தால் நானே புத்தகத்தைச் சுவரில் எறிந்திருப்பேன். மில்ஸ் கெட்டிக்காரர், முதல் சில புத்தகங்களில் பழைய பாத்திரங்கள் யார் மேலும் பெரிதாகக் கை வைக்கவில்லை. முதலில் வீட்டில் இருக்கும் சாமான்களை இருந்த இடத்திலேயே வைத்துப் பழகினார், பிறகுதான் நாற்காலியை நகர்த்தினார்.

பழைய பேப்பர்பேக்:

இதுதான், இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்லத் தெரியாமல் சொன்னேன். ஃப்ளெமிங் 1963 நாவலில் பாண்டுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அன்றைக்கே மணப்பெண் ட்ரேசியைக் கொல்கிறார். அடுத்த நாவல் முழுக்க அந்தச் சாவின் மிச்சம். செலவு செய்தவரே சம்பாதித்தவர். லஸ்ட்பேடர் செலவு செய்தது லட்லமின் சம்பாத்தியம்.

சங்கேதம்:

அழகாகச் சொல்கிறீர்கள், ஆனால் பாண்டை இழுத்தால் உங்கள் வாதம் இடிக்கும் சார். ஃப்ளெமிங் 1964இல் இறந்தார். 1968இல் கிங்ஸ்லி ஏமிஸ் புனைபெயரில் 'கர்னல் சன்' எழுதினார். 1981இலிருந்து ஜான் கார்ட்னர், 1997இலிருந்து ரேமண்ட் பென்சன், அப்புறம் செபாஸ்டியன் ஃபோக்ஸ், டீவர், பாய்ட், ஹோரோவிட்ஸ். ஒருவர் அறுபதுகளுக்கே திரும்பிப் போகிறார். இன்னொருவர் பாண்டை இந்த நூற்றாண்டில் புதிதாகப் பிறக்க வைக்கிறார். கார்ட்னர் எண்பதுகளில் அவனுக்கு ஸாப் கார் வாங்கிக் கொடுத்தார், அதற்கு இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை விதமாகக் கையாண்டும் பாண்ட் சாகவில்லை. போர்ன் மட்டும் ஏன் கண்ணாடிப் பாத்திரம்?

கடைசிப் பக்கம்:

ஏனென்றால் பாண்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, போர்னுக்கு ஒரு நோய் இருந்தது. பாண்டை அவன் மேலதிகாரி எம் கூப்பிட்டு ஒரு கோப்பைக் கொடுத்தால் புதுக் கதை தொடங்கும். நூறு கோப்பு கொடுக்கலாம். போர்னுக்கு அந்த அறை கிடையாது. தன் பெயரை மறந்தவன் அதைத் தேடினான், முதல் புத்தகத்தின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டான். நோய் தீர்ந்தவனை மறுபடி படுக்க வைத்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும். அதனால்தான் நண்பன் சாக வேண்டும், மனைவி சாக வேண்டும், மறுபடி நினைவுகள் குழம்ப வேண்டும்.

சங்கேதம்:

ட்ரேசி செத்த பிறகு பாண்ட் ஜப்பானில் நினைவு இழந்து மீனவக் கிராமத்தில் வாழ்கிறானே, அது நோய் இல்லையா? ஃப்ளெமிங்கும் அவனை மாற்றத்தான் செய்தார். ஏமிஸ் வந்து அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவனை வேலைக்கு அனுப்பினார், நாம் ஒத்துக்கொண்டோம்.

கடைசிப் பக்கம்:

அடுத்த நாவலிலேயே ஃப்ளெமிங் அவனைப் பழைய வேலைக்குத் திருப்பிவிட்டார். ஏமிஸ் கைக்கு வரும்போது பாண்ட் அலுவலகத்தில் இருக்கிறான். ஆனால் உங்கள் பேச்சில் பாதி சரி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கோட்டை அவ்வளவு நேராகப் போட முடியாது.

நிழல்நடை:

இன்னொரு வழியைப் பற்றியும் பேசுவோம். ஹோரோவிட்ஸ் செய்தது. 'ட்ரிகர் மார்ட்டிஸ்' 2015இல் வந்தது, கதை நடப்பது 'கோல்ட்ஃபிங்கர்' முடிந்து சில நாளில். அடுத்தது 'கசினோ ராயல்' நாவலுக்கும் முன்னால். மூன்றாவது, ஃப்ளெமிங்கின் கடைசி நாவலை ஒட்டி. முதல் இரண்டிலும் பழைய புத்தகங்களுக்கு நடுவில் கிடக்கும் இடைவெளியில் போய் உட்கார்கிறார். ஜான் லெ காரேயின் மகன் நிக் ஹார்க்கவேயும் 2024இல் 'கார்லாஸ் சாய்ஸ்' எழுதியபோது அதையேதான் செய்தார். பனியிலிருந்து வந்த உளவாளியின் கதைக்கும் 'டிங்கர் டெய்லர்' கதைக்கும் நடுவே பத்து வருட இடைவெளி, அதில் அப்பாவின் உளவாளி ஸ்மைலியை வைத்தார்.

இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பின்னால் வரும் புத்தகங்கள் ஏற்கெனவே அச்சில் இருப்பதால் ஸ்மைலியைக் கொல்ல முடியாது, அவர் மனைவி ஆன்னை விவாகரத்து செய்து அனுப்ப முடியாது, எதிரி கார்லாவைப் பிடிக்க முடியாது. எழுதுகிறவன் கை கட்டப்பட்டிருக்கிறது. அப்படிக் கட்டியதால்தான் அவன் பாத்திரங்களின் மனசுக்குள் போக வேண்டியிருக்கிறது.

ராத்திரி வாசகி:

ஆனால் யார் பிழைப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் உளவுக் கதையில் என்ன திகில்? ஸ்மைலிக்கு அது பரவாயில்லை, அங்கே நாம் படிப்பதே ஒரு நல்ல மனிதன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறைபடுகிறான் என்பதை. போர்னுக்கு இது எடுபடாது. 'ஐடென்டிட்டி'க்கும் 'சுப்ரமசி'க்கும் நடுவில் ஒரு கதை என்றால், வெப் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு சிகிச்சை எடுக்கிறான். அதை யார் வாங்குவார்கள்? (நான் வாங்குவேன். மேரி எழுதும் டயரி மாதிரி இருந்தால் இரண்டு பிரதி வாங்குவேன்.)

மாடஸ்டி ரசிகன்:

இவ்வளவு பேசுகிறீர்கள், நம்ம இளவரசியை ஒருத்தரும் நினைக்கவில்லையே!

மாடஸ்டி பிளைசியைத் தமிழ் காமிக்ஸில் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அந்தச் சித்திரக்கதை 1963இலிருந்து 2001 வரை ஓடியது. ஓவியர்கள் பலர் மாறினார்கள். முதல் ஓவியர் ஜிம் ஹோல்டவே 1970இல் திடீரென்று இறந்தபோது ரொமேரோ வந்தார், பிறகு வேறு சிலர், மறுபடி ரொமேரோ. முகம் மாறியது, மூக்கு மாறியது, அவள் கூட்டாளி வில்லி கார்வினின் தோள் அகலம் மாறியது. நாம் கண்டுகொள்ளாமல் படித்தோம். ஏனென்றால் கதை எழுதியவர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே ஆள், பீட்டர் ஓ'டொனல். அவர் நாவல்களும் எழுதினார். 1996இல் கடைசிச் சிறுகதைத் தொகுப்பில் மாடஸ்டியையும் வில்லியையும் தானே கொன்றுவிட்டார். அந்தக் கதையை நான் வேண்டுமென்றே இன்னும் படிக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் செய்தது நல்லது என்று நினைக்கிறேன். வேறு யாரும் கை வைக்க முடியாதபடி கணக்கை முடித்துவிட்டுப் போனார்.

அட்டை மட்டும்:

அதையும் மீறி யாராவது 'இடைவெளியில்' எழுதலாமே. நிழல்நடை இப்போதுதானே வழி சொல்லிக் கொடுத்தார்.

மாடஸ்டி ரசிகன்:

வாயைக் கழுவுங்கள்.

கடைசிப் பக்கம்:

இதே கேள்வி நமக்கும் உண்டு. சுஜாதா 2008இல் போய்விட்டார். நாளைக்கு ஒருவர் கணேஷ் - வசந்த் புது நாவல் என்று அனுமதியோடு கொண்டுவந்தால் வாங்குவீர்களா? நான் வாங்குவேன், முதல் பக்கத்தில் வசந்த் பேசும் முதல் வரியைப் படிப்பேன். வழக்கை யாராவது புதிதாக யோசித்துவிடலாம். அந்தக் குறும்பை எங்கிருந்து கொண்டுவருவது?

பழைய பேப்பர்பேக்:

வசந்துக்கு நிமோனியா வந்தால் நான் நீதிமன்றம் போவேன்.

சரி, ஒரு உதவி. 2020இல் பிரையன் ஃப்ரீமன் வந்து 'தி போர்ன் எவல்யூஷன்' எழுதினார், அதற்குப் பிறகும் தொடர்கிறார். அவர் லஸ்ட்பேடரின் பதினொன்றையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு பாதையில் போகிறார் என்கிறார்கள். யாராவது படித்தீர்களா?

நிழல்நடை:

முதல் இரண்டு படித்தேன். போர்னை இன்றைய காலத்து இளைஞனாக்கி வைத்திருக்கிறார், அதனால் வியட்நாம் தொல்லை இல்லை. கூடவே ஆபி லாரன்ட் என்ற பத்திரிகையாளர் வருகிறார், கனடாக்காரர். மேரியின் நிழல் அதில் தெரிகிறது, வேண்டுமென்றே செய்ததாகத்தான் படுகிறது. முக்கியமாக, போர்ன் மறுபடி தன்னைச் சந்தேகிக்கிறான். பக்கமும் குறைவு, வேகமும் இருக்கிறது. லட்லமின் கூச்சல் இல்லை, எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது, நம்புங்கள்.

சங்கேதம்:

ஆக, பழைய நண்பர்களையும் மனைவியையும் கொன்றால் துரோகம், அவர்களை மொத்தமாகக் கதையிலிருந்தே எடுத்துவிட்டால் மரியாதையா? ஃப்ரீமன் கதையிலும் மேரி பக்கத்தில் இல்லையே.

ராத்திரி வாசகி:

ஆமாம், எனக்கு அப்படித்தான். ஃப்ரீமன் தனக்கென்று ஒரு போர்னைச் செய்துகொண்டார். என் மேரி 'அல்டிமேட்டம்' கடைசிப் பக்கத்தில் அப்படியே பத்திரமாக இருக்கிறாள். லஸ்ட்பேடர் அதே கதையின் அடுத்த நாள் இது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அங்கேதான் எனக்கு வலித்தது. முரண்பாடாகத் தோன்றினால் தோன்றட்டும்.

சங்கேதம்:

தோன்றுகிறது. ஆனாலும் பேப்பர்பேக் சார், 'லெகசி'யை இன்னொரு முறை எடுங்கள், காங்க்லின் சாவைத் தாண்டி கானும் வெப்பும் முதல்முறை நேருக்கு நேர் நிற்கும் இடம் வரை வாருங்கள். அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

பழைய பேப்பர்பேக்:

புத்தகம் இப்போது தம்பியிடம் இருக்கிறது. அவன் படம் மட்டும் பார்த்தவன், காங்க்லின் யாரென்றே அவனுக்குத் தெரியாது, ரசித்துப் படித்துக்கொண்டிருக்கிறான். திரும்பி வரட்டும், கான் வரும் இடம் வரை மட்டும் பார்க்கிறேன். அதுவரை ஃப்ரீமன்.